கேள்விக்குறிக்குப் பின்னால வாறது

ரொறொன்ரோ மாநகராட்சியின்ர திறந்த தரவுத் தளத்தில டிடிசி பஸ் அட்டவணையில இருந்து உணவகச் சோதனை முடிவு வரைக்கும் கிடைக்கும். அது சீகேன் எண்ட மென்பொருளில ஓடுது. சீகேனின்ர இண்டைய பதிப்புகளுக்கு அடியில இருக்கிறது ஃபிளாஸ்க் எண்ட பைதன் வலைச் சட்டகம். 2010 ஏப்ரல் 1ஆம் தேதி ஆர்மின் ரோனாகர் முட்டாள்தினப் பகிடியா விட்ட ஒரு சின்ன நிரல்தான் பிறகு ஃபிளாஸ்க் ஆச்சு.

அந்தத் தளத்தில தரவு கேக்கிற முகவரியைத் திரையில பாருங்கோ. கேள்விக்குறிக்கு முன்னால இருக்கிறது பாதை. பின்னால கோப்பின்ர அடையாளம், பிறகு 'லிமிட்' சமம் 5. அஞ்சு வரி வரும். லிமிட்டை எழுதாமல் விட்டா, சீகேன் தானா 100 வரி தரும். அந்த நூறைப் பார்த்து முழுத் தரவும் வந்திட்டுது எண்டு கணக்குப் போட்டவை நிச்சயம் இருப்பினம்!

இதே மாதிரி நீங்கள் ஃபிளாஸ்க்கில எழுதேக்க, கேள்விக்குறிக்குப் பின்னால வாறதெல்லாம் 'ரிக்வெஸ்ட் ஆர்க்ஸ்' எண்டதுக்குள்ள இருக்கும். சதுர அடைப்புக்குறி போட்டு எடுத்தா, பெயர் இல்லாதபோது 400 பிழை. 'கெட்' போட்டா, நீங்கள் சொன்ன இயல்பு மதிப்பு. வகை 'இன்ட்', அதாவது முழு எண், எண்டும் சொல்லலாம். ஆராவது எழுத்தைத் தட்டினா சத்தமில்லாமல் இயல்பு மதிப்புக்குப் போயிடும். எனக்கு அந்த மௌனம் பிடிக்கிறதில்லை. பிழையைச் சொல்லுறதுதான் நல்லது.

பாதைக்குள்ளயும் 'இன்ட்' போடலாம். ஆனா பஸ் எண்ணுக்குப் போடாதேங்கோ. லோரன்ஸ் ஈஸ்டில ஓடுற 54ஏ வந்தா நேர 404தான். அதைச் சரமா வையுங்கோ.

தமிழில தேடினா? 'அ' எண்ட ஒரு எழுத்து முகவரிக்குள்ள ஒன்பது குறியா நீளும். பயப்பட வேண்டாம், ஃபிளாஸ்க் அதைத் திரும்ப 'அ' ஆக்கித் தரும். நீங்கள் இன்னொருக்கா மாத்தப் போகாதேங்கோ. வந்த சொல்லை எஸ்கியூஎல் வரிக்குள்ள ஒட்டவும் வேண்டாம். அந்த இடத்தில ஒரு கேள்விக்குறி போட்டு, சொல்லைத் தனியாக் குடுங்கோ.

கடைசியா, 'இன்ட்' எண்டது வகையை மட்டும்தான் பார்க்கும், அளவைப் பார்க்காது. சீகேன் 32,000 வரியோட நிப்பாட்டும். உங்கட செயலி நிப்பாட்டுமா? லிமிட்டுக்கு -1 குடுத்துப் பாருங்கோ. எஸ்கியூலைட் தரவுத்தளத்தில அதுக்கு எல்லையே இல்லை எண்டு அர்த்தம். அட்டவணை முழுக்க வந்து விழும்.