குடிக்கூலி வாங்கப் போகும் தோழருக்கு

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தோழர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். முப்பத்திரண்டு ஆண்டுகள் நூற்பாலையில் நின்றவர்; பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்தவர்; வேலைநிறுத்தமென்றால் முதலில் கேட்டுக்கு வந்து, கடைசியில் வீட்டுக்குப் போனவர். வயது அறுபதாகிவிட்டது. பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும், மனைவியின் நகையை விற்ற பணமும் சேர்ந்து கையில் 18 லட்சம் ரூபாய் இருக்கிறது.

அவர் கேட்கிறார்: "மகன் ஸ்ரீபெரும்புதூரில் ஒப்பந்த வேலை பார்க்கிறான். அந்தப் பக்கம் ஒரு மனை வாங்கி, ஐந்து லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டால் கடைசிக் காலம் வரை உட்கார்ந்து சாப்பிடலாமென்று தரகர் சொல்லுகிறார். ஊரைவிட்டுப் போகலாமா? வாழ்நாளெல்லாம் வாடகை கொடுத்த நான் வாடகை வாங்குவது நம் கொள்கைக்குப் பொருந்துமா?"

இரண்டு கேள்விகள். ஒன்று கணக்கைப் பற்றியது. மற்றொன்று மனச்சாட்சியைப் பற்றியது. இரண்டுக்கும் நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஏனெனில் இது ஒரு தோழரின் கேள்வி மட்டுமல்ல. ஓய்வு பெறும் ஒவ்வொரு தொழிலாளியும் இன்று தன் திண்ணையில் உட்கார்ந்து இதைத்தான் யோசிக்கிறார்.

"பார்த்தீர்களா, பாட்டாளியும் வீட்டுக்காரனாக ஆசைப்படுகிறான்!" என்று எள்ளி நகையாட நாம் தயாராக இல்லை. ஆசையா அவரைத் துரத்துகிறது? அச்சமல்லவா துரத்துகிறது! 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் ஆயிரம் ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். ஆயிரம் ரூபாயில் எந்த வீட்டு அடுப்பு முப்பது நாள் எரியும்? உழைத்துக் களைத்தவனுக்குச் சோறு போடவேண்டிய ஓய்வூதியம் சோறு போடவில்லை. ஆகவே அவன் செங்கல்லிடம் சோறு கேட்கப் போகிறான். குற்றம் அவனுடையதல்ல.

ஆனாலும் தோழரே, செங்கல் சோறு போடுமா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்கவேண்டும்.

தரகர் சொன்ன கணக்கும் சொல்லாத கணக்கும்

மனைக்கு 10 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம், மற்றச் செலவுகள் சேர்த்து ஒரு லட்சம். ஐந்து ஒற்றை அறை வீடுகள், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, மோட்டார் ஆகியவற்றுக்கு 19 லட்சம். ஆக 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கையிலுள்ள 18 போக, 12 லட்சத்துக்கு வங்கிக் கடன். வீட்டுக்கு 5,000 வீதம் ஐந்து வீட்டுக்கும் மாதம் 25,000 ரூபாய். ஆண்டுக்கு மூன்று லட்சம்! தரகர் இத்துடன் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். நாம் எடுத்துத் தொடர்வோம்.

ஒப்பந்தத் தொழிலாளி இன்று இருப்பான். வேலை முடிந்தால் நாளை போய்விடுவான். ஒவ்வொரு வீடும் ஆண்டில் இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் 50,000 போயிற்று. வீட்டு வரி, வெள்ளையடிப்பு, குழாய், மோட்டார் ரிப்பேர் என்று 30,000. மீதி 2,20,000. வங்கிக் கடனுக்கு 9 சதவிகித வட்டியும் பத்தாண்டுத் தவணையும் என்றால் மாதம் 15,200 கட்டவேண்டும், ஆண்டுக்கு 1,82,400. அதையும் கழித்தால் கையில் நிற்பது 37,600. மாதத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம்!

இதே 18 லட்சத்தைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் என்ன வரும்? 2023 ஏப்ரலில் நிர்ணயித்த 8.2 சதவிகித வட்டிப்படி ஆண்டுக்கு 1,47,600. மோட்டார் ரிப்பேர் இல்லை. காலி வீடு இல்லை. தவணை நாளன்று நெஞ்சு படபடப்பதும் இல்லை.

"மனையின் விலை ஏறாதா? பத்தாண்டு கழித்துக் கடன் தீர்ந்தால் வீடு நமதல்லவா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஏறலாம், கடன் தீர்ந்தால் வீடும் உங்களுடையதுதான். ஆனால் அப்போது உங்களுக்கு வயது எழுபது. இடையில் உள்ள பத்தாண்டுக்கு ஏறிய விலையை அரைத்துச் சாப்பிட முடியாது. ஆகவே நாம் சொல்லுகிறோம்: கடன் வாங்கி ஐந்து வீடு கட்டுவதைவிட, கடனில்லாமல் இரண்டு வீடு கட்டுவது மேல். கையிலுள்ள பணம் முழுவதையும் அதிலே கொட்டாமலிருப்பது அதைவிட மேல்.

வாடகை எங்கே விளைகிறது?

வாடகை செங்கல்லில் விளைவதில்லை, சிமென்டில் முளைப்பதில்லை. குடியிருப்பவனின் கூலியிலிருந்து அறுத்தெடுத்த ஒரு துண்டுதான் குடிக்கூலி. கூலியோ ஆலையிலிருந்து வருகிறது. ஆலை நடந்தால் கூலி. கூலி வந்தால் குடிக்கூலி. ஆகவே ஆலை வாசலில் வீடு கட்டுகிறவர், தம்மை அறியாமலே அந்த ஆலையின் தலைவிதியோடு தம் தலைவிதியையும் முடிச்சுப் போடுகிறார்.

அந்த வட்டாரத்தின் வரலாற்றையே பாருங்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் ஓடத் தொடங்கின. 2006-இல் நோக்கியா வந்தது. கிராமத்துக்குக் கிராமம் மாடி எழுந்தது. மாட்டுக் கொட்டகையும் மனிதர் குடியிருக்கும் அறையாயிற்று. 2014 நவம்பர் 1-ஆம் நாள் நோக்கியா ஆலை மூடப்பட்டது. அடுத்த மாதமே பாக்ஸ்கான் ஆலையும் அங்கு உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் தெருவில் நின்றார்கள். கூலி நின்றபின் குடிக்கூலி எங்கிருந்து வரும்? பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனவளிடம் வாடகை கேட்க முடியுமா?

மறைமலைநகர் மட்டும் விலக்கா? 2021 செப்டம்பரில் போர்டு கம்பெனி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் அங்கிருந்து கடைசிக் கார் வெளியே வந்தது.

பின்னர் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசித் தொழில் மீண்டும் தழைத்தது உண்மை. நோக்கியா விட்டுப்போன இடத்தைச் சால்காம்ப் என்ற கம்பெனி வாங்கிற்று. பாக்ஸ்கானும் திரும்பி வந்தது. ஆனால் இடையில் கழிந்த ஆண்டுகள் எத்தனை! முதலாளி போவான், வருவான். வங்கித் தவணை அவனுக்காகக் காத்திருக்குமா?

விடுதி வந்தால் நாம் எந்தப் பக்கம்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சாயிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். கொதித்தெழுந்த அந்தப் பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிலாளி எப்படித் தங்குகிறாள், என்ன தின்கிறாள் என்று நாடு அன்றுதான் திரும்பிப் பார்த்தது. அதன்பின் 2024 ஆகஸ்டில், வல்லம் வடகால் சிப்காட்டில், 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது.

வாடகையை நம்பி வீடு கட்டியவருக்கு இது போட்டி. தொழிலாளிக்கோ இது வெற்றி. தோழரே, ஐந்து வீடு கட்டியபின் இப்படி இன்னொரு குடியிருப்பு எழும்போது உங்கள் மனம் எந்தப் பக்கம் நிற்கும்? "ஐயோ, என் வீடு காலியாகுமே" என்று துடிக்குமா, "நம் பிள்ளைகளுக்கு நல்ல இடம் கிடைத்ததே" என்று மகிழுமா? போவதற்கு முன் இந்தக் கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நாம் குடியிருப்பின் பக்கம். நாளையும் அதே பக்கம்தான்.

போவதானால்...

இவ்வளவும் கேட்டபின்னும் போவதானால், சில சொற்களை மடியில் முடிந்துகொண்டு போங்கள்.

முதலில் வாடகைக்கு இருந்து பாருங்கள். வாடகை வாங்கப் போகிறவர் அந்த ஊரில் ஓராண்டு வாடகை கொடுத்துப் பார்க்கட்டும். சித்திரையில் குழாயில் தண்ணீர் வருகிறதா, ஐப்பசியில் தெருவிலிருந்து தண்ணீர் போகிறதா என்று கண்ணால் காணுங்கள். அது ஏரிகள் நிறைந்த பூமி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிவந்ததைச் சென்னைப் புறநகர் முழுதும் பார்த்தது. ஏரி வாயிலில் வீடு கட்டினால் ஏரிதான் முதல் வாடகைக்காரன். அவன் வாடகை தரமாட்டான்!

இரண்டாவது, பத்திரம். மூலப் பத்திரம், பட்டா, முப்பதாண்டு வில்லங்கச் சான்று இவை மூன்றையும் தரகரிடம் காட்டாமல் வக்கீலிடம் காட்டுங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தபோது, மலிவென்று வாங்கியவர்கள் தலையில் கைவைத்தார்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா, சிப்காட்டுக்கோ சாலைக்கோ கையகப்படுத்த அறிவித்த நிலமா என்று உரிய அலுவலகங்களில் விசாரியுங்கள். "பரந்தூரில் விமான நிலையம் வருகிறது, விலை பறக்கும்" என்பார் தரகர். அந்த விமான நிலையத்துக்காகத் தங்கள் வயலை இழக்கமாட்டோமென்று ஏகனாபுரம் மக்கள் 2022-இல் போராட்டம் தொடங்கியதை அவர் சொல்லமாட்டார்.

வீட்டுக்காரரானபின் தோழராயிருப்பது

இனி மனச்சாட்சி. வாடகை வாங்குவது கொள்கைக்கு விரோதமா? தான் உழைத்துச் சேர்த்த காசில் நாலு பேர் குடியிருக்க இடம் கட்டி, நியாயமான கூலி வாங்குவது கொள்ளையல்ல. கொள்ளை எதுவென்று உங்களுக்கே தெரியும், நீங்கள் அனுபவித்ததுதானே!

எட்டுக்குப் பத்து அறையில் எட்டுப் பேரை அடைத்து, அறைக்கு வாடகை என்பதை மாற்றித் தலைக்கு வாடகை என்று வசூலிப்பது கொள்ளை. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று 2016-இல் அரசாங்கம் தந்த சலுகையைத் தான் விழுங்கிவிட்டு, குடியிருப்பவனிடம் முதல் யூனிட்டிலிருந்தே காசு பிடுங்குவது கொள்ளை. பத்து மாத அட்வான்ஸ் வாங்கிவிட்டு, காலி செய்யும் நாளில் "வெள்ளையடிக்கப் போயிற்று" என்று கைவிரிப்பது கொள்ளை.

சட்டம் ஒன்று இருக்கிறது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் 2017-இல் ஒரு புதுச் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதியவேண்டும். சண்டை வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக்கூடாது என்கிறது அது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றும் சொல்லிவிட்டு, "வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய" என்று ஒரு பொந்தும் வைத்திருக்கிறது. அந்தப் பொந்து வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸ் நுழைகிறது. தோழரே, உங்கள் வீட்டில் அந்தப் பொந்தை நீங்களே அடைத்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. வீடு கேட்டு வருகிறவனிடம், "நீங்க என்ன ஆளுக?" என்று ஒரு கேள்வி கேட்கிறார்களே, அந்தக் கேள்வி உங்கள் வாசலில் ஒலிக்கக்கூடாது! ஆலையில் ஒரே எந்திரத்தின் முன் நிற்கிறவர்கள் ஒரே கூரையின் கீழ் உறங்கக்கூடாதா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவனென்றால் வாடகையை ஏற்றிச் சொல்லும் வழக்கமும் வேண்டாம். பிழைக்க ஊர்விட்டு வந்தவன் அவன். நீங்களும் அப்படித்தானே வந்திருப்பீர்கள்!

தோழர்களே! 1952-இலேயே ஆலைத் தொழிலாளருக்கு மானிய வீட்டுத் திட்டம் என்று ஒன்றை மத்திய அரசாங்கம் தொடங்கியது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்று எழுதி வைத்தது. ஆலை கட்ட நிலமும் சலுகையும் அள்ளித் தரும் அரசாங்கங்கள், ஆலையில் உழைப்பவன் எங்கே படுப்பான் என்று முதல் நாளே கேட்கவேண்டாமா? உழைத்து ஓய்ந்தவனுக்குப் பசியாற ஓய்வூதியம். உழைக்கிறவனுக்குத் தலைசாய்க்க வீடு. இந்த இரண்டும் கிடைத்திருந்தால், கோவில்பட்டித் தோழர் அறுபது வயதில் 18 லட்சத்தை மடியில் கட்டிக்கொண்டு அந்நிய ஊருக்கு ரயிலேற நேர்ந்திருக்காது. அந்த இரண்டையும் கேட்டுப் பெறும்வரை நமக்கு வேலை இருக்கிறது.

அதுவரை, போய்ப் பார்த்து வாருங்கள், தோழரே! பணத்தை இங்கேயே விட்டுவிட்டு, கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். ஓராண்டு கழித்து மறுபடி கடிதம் எழுதுங்கள். அங்கே நீங்கள் வீடு கட்டினால், முதல் வீட்டுக்கு வருகிற பையனிடம் வாடகைச் சீட்டைக் கொடுக்குமுன் அவன் கையைப் பாருங்கள். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் கை எப்படி இருந்ததோ, அப்படியே இருக்கும்.