தாராக்குஞ்சு ஓட்டை உடைக்கும் வேளை

கமக்காரர்களே,

அறுவடை முடிந்த வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் பொறுக்கித் தின்னும் தாரா உங்களுக்குப் புதியதன்று. அழகுக்காக வளர்க்கப்படும் இனங்களுக்கோ கூடுதலான கவனம் வேண்டும். சீனா, யப்பான் முதலிய நாடுகளுக்குரிய மண்டரின் தாராவும், கோல் டக் எனப்படும் குள்ளத் தாராவும் இத்தகையன. முட்டைகளின் விலை அதிகம். முழுவளர்ச்சியடைந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மடிந்துவிடின் நட்டம் பெரிது. குள்ளத் தாராவின் அலகு மிகக் குறுகியதாகையால் அதன் குஞ்சு ஓட்டை உடைக்கப் பெரிதும் வருந்தும்.

நம் வீடுகளில் தாரா முட்டையை அடைக்கோழியின் கீழ் வைப்பது பழைய வழக்கம். கோழி முட்டை 21 நாளில் பொரிக்கும். தாரா முட்டைக்கு ஏறக்குறைய 28 நாள், மஸ்கோவித் தாராவுக்கு 35 நாள் செல்லும். அதற்குள் கோழி அடையை விட்டு எழுந்துவிடலாம். ஆதலால் மற்றொரு அடைக்கோழியை ஆயத்தமாக வைத்திருத்தல் நன்று.

ஓட்டுக்குள் குஞ்சு இறப்பதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று ஈரக்குறைவு. தாய்த்தாரா நீரில் இறங்கி நனைந்த இறகுடன் வந்து முட்டைமேல் அமரும். கோழியோ புழுதியில் குளித்து வரும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் உள்தோல் விரைவில் உலர்ந்து குஞ்சின் உடலோடு ஒட்டிக்கொள்ளும். கடைசி வாரத்தில் நாள்தோறும் ஒருமுறை இளஞ்சூட்டு நீரை முட்டைகள்மேல் மெல்லத் தெளியுங்கள். அடைகாக்கும் பொறி வைத்திருப்போர், வெப்பத்தை 37.5 பாகை செல்சியசில் நிறுத்தி, ஈரப்பதனை முதலில் 55 முதல் 60 வீதமாகவும் கடைசி மூன்று நாளில் 70 வீதத்துக்கு மேலாகவும் வைத்தல் வேண்டும். அந்நாட்களில் முட்டையைப் புரட்டலாகாது. பொறியை அடிக்கடி திறக்கவுங் கூடாது.

நான் பயிற்சி பெற்ற காலத்தில், ஓட்டில் துளை விழுந்த சில மணிநேரத்துக்குள் மூன்று குஞ்சுகளை இரக்கத்தால் உரித்தெடுத்தேன். மூன்றும் இரத்தம் கசிந்து மாலைக்குள் இறந்தன. துளை விழுந்தபின் குஞ்சு ஓய்ந்து கிடப்பது நோயினால் அன்று. அவ்வேளையில் அது மூச்சுவிடப் பழகுகின்றது. உள்தோலில் ஓடும் இரத்தம் உடலுக்குத் திரும்புகின்றது. எஞ்சிய மஞ்சட்கரு வயிற்றினுள் இழுக்கப்படுகின்றது. இதற்கு ஒரு முழுநாளும், சிலவேளை அதற்கு மேலும் செல்லும். குஞ்சு கத்திக்கொண்டிருக்கும்வரை கைவைக்காதீர்கள்.

ஒருநாளுக்கு மேலாகியும் துளை பெருகாமல், உள்தோல் பழுப்பாகிக் காய்ந்திருந்தால் மட்டுமே உதவலாம். கைகளைக் கழுவிக்கொண்டு, இளஞ்சூட்டு நீரில் தோய்த்த பஞ்சினால், அலகின் துவாரத்துள் நீர் புகாமல், உள்தோலை நனையுங்கள். துளையைச் சுற்றி முட்டையின் அகன்ற பக்கத்து ஓட்டைச் சிறுசிறு துண்டாக நகத்தால் எடுங்கள். சிவந்த நரம்பு தெரிந்தாலோ ஒரு துளி இரத்தம் வந்தாலோ உடனே நிறுத்தி, முட்டையை மறுபடி அடையில் வைத்து, ஆறு மணிநேரம் பொறுத்திருங்கள். தலையும் கழுத்தும் விடுபட்டால் போதும். ஓட்டின் மறுபாதியைக் குஞ்சே உதைத்துக் கழற்றட்டும். தொப்புளில் ஒட்டியிருப்பதை ஒருபோதும் இழுத்தறுக்காதீர்கள்.

கோழியின்கீழ் பொரித்த குஞ்சைக் கிணற்றுத் தொட்டியில் நீந்தவிட்டு வேடிக்கை பார்ப்போர் உளர். தாய்த்தாராவின் இறகிலுள்ள எண்ணெய் படியாத குஞ்சு நனைந்து குளிரால் விறைத்துப்போம். முதற் சில வாரங்களுக்கு அலகு மூழ்கும் ஆழமுள்ள தட்டில், கூழாங்கல் இட்டு, குடிநீர் மட்டும் வையுங்கள்.