உங்களுக்குத் தெரியுமா? பீட்டி சாலைப் பலகையில் ஒரு கடற்கரைப் புலவர்

சிங்கப்பூரின் ஜாலான் புசார் என்றால் மலாயில் பெரிய சாலை. அதன் அக்கம்பக்கத்தில், பீட்டி சாலை 2ஆம் எண் வாசலில் நின்று பெயர்ப்பலகையைப் பாருங்கள்: உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம்.

17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உமறு, எட்டயபுர அரசவைப் புலவர். கரிசல் நடுவே இருக்கிறது எட்டயபுரம், கடல் தள்ளித்தான். ஆனால் அவருடைய சீறாப்புராணம் கடற்கரைக்காரர்களின் கையில் வளர்ந்தது. எழுதத் தூண்டியவர் கீழக்கரைக் கப்பல் வணிகர் வள்ளல் சீதக்காதி. காவியம் முடியுமுன் அவர் காலமாக, பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் புரவலரானார். நபிகள் வரலாற்றை முழுதாகச் சொல்லாமல், 5,000-க்கு மேற்பட்ட பாடல்களோடு காவியம் நிற்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து 'சின்ன சீறா' பாடியவர் காயல்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர். மூன்று கடலோர ஊர்கள், ஒரே காவியம்! உறவென்றால் இதுவல்லவா உறவு?

சிங்கப்பூரில் அந்தப் பெயரைச் சூட்டியவர்களோ மலையடிவாரத்துக்காரர்கள். தென்காசிப் பக்கத்துக் கடையநல்லூரிலிருந்து வந்த முஸ்லிம்கள், 1946இல் மேக்ஸ்வெல் சாலையில் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். பிறகு அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. தமிழில் படிக்க வரும் பிள்ளைகள் குறையக் குறைய, 1982இல் மூடப்பட்டது.

பெயர் மட்டும் மூடப்படவில்லை. புலவரின் அடக்கத்தலம் எட்டயபுரத்தில் இருக்கிறது; அவர் பெயரோ பீட்டி சாலைப் பலகையில் வாழ்கிறது.