வீடே பள்ளியானால்

பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லாமல், பெற்றோரிடமோ வீட்டிற்கு வரும் ஆசிரியரிடமோ கற்பதை வீட்டுவழிக் கல்வி என்பர். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உறுதிசெய்யும் சட்டம் இந்தியாவில் 2009-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான பிள்ளைகள் பள்ளியிலேயே பயில்கின்றனர். எனினும், பெங்களூரு, புனே, மும்பை போன்ற நகரங்களில் சில குடும்பங்கள் வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துள்ளன. அவ்வாறு கற்போர், 1989-இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளை எழுதலாம்.

ஆகவே, தேர்வு பெருந்தடையன்று. உற்றார் உறவினர் எழுப்பும் வினா வேறு. “இப்பிள்ளைக்கு நண்பர்கள் எவ்வாறு கிடைப்பர்? நாளை நாலு பேரோடு பழகத் தெரியுமா?” என்றே அவர்கள் கேட்கின்றனர். இவ்வினாவைப் புறந்தள்ளல் ஆகாது. அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் வீட்டுவழிக் கல்விக்கு இசைவளிக்கின்றன. ஜெர்மனியோ, மிக அரிதான சூழல்களில் அன்றி இசைவதில்லை. பல்வேறு கொள்கையும் பின்னணியும் உடைய பிள்ளைகள் ஓரிடத்தில் கூடி வளர வேண்டும் என்பது அந்நாடு காட்டும் காரணங்களுள் ஒன்று.

பழகக் கற்றல் என்பது யாது? கபடி ஆட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். பாடிச் சென்றவர் கோட்டைத் தொட்டாரா, இல்லையா என்று பூசல் எழுகிறது. குரல் உயர்கிறது, ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆயினும், மறுநாள் மாலை அதே சிறுவர் அதே திடலில் கூடுகின்றனர். முறைக்குக் காத்திருத்தல், தோல்வியை ஏற்றல், பிணங்கியவரோடு மீண்டும் இணங்குதல் ஆகியவற்றை எவரும் பாடமாக நடத்துவதில்லை, ஆட்டமே கற்பித்துவிடுகிறது. ஒரே முகங்களை மீண்டும் மீண்டும் காண்பதே இதற்கு அடிப்படை. திருவள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் வகுத்து, அவற்றுள் ஒன்றுக்குப் ‘பழைமை’ என்று பெயரிட்டுள்ளார். நெடுநாள் பழக்கத்தால் வரும் உரிமையை அது பேசுகிறது.

இத்தகைய வாய்ப்பைப் பள்ளி நாள்தோறும் தருகிறது. ஆனால், வாய்ப்பு வேறு; நட்பு வேறு. பெற்றோரின் பணியிட மாற்றத்தால் ஆண்டின் நடுவில் புதிய ஊருக்கு வரும் பிள்ளையைக் காண்க. வகுப்பில் நாற்பது பேர் இருப்பர். அவர்கள் பேசும் மொழி அப்பிள்ளைக்குப் புதிது. உணவு இடைவேளையில் அப்பிள்ளை தனியே அமர்ந்திருக்கும். கூட்டத்தின் நடுவிலும் தனிமை உண்டு என்பதை இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் நன்கு அறிவர்.

வீட்டில் கற்றவர்களுக்கும் இருவகை அனுபவம் உண்டு. 1861-இல் கொல்கத்தாவில் பிறந்த இரவீந்திரநாத் தாகூர், சில பள்ளிகளில் சேர்ந்தும் எதிலும் நிலைக்காமல் பெரும்பாலும் வீட்டிலேயே கற்றார். சிறுவயதில் பணியாளர் ஒருவர் அவரை ஓரிடத்தில் அமரவைத்துச் சுற்றிலும் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுச் செல்வார். வட்டத்தைத் தாண்ட அஞ்சிய சிறுவர், சாளரத்தின் வழியே குளத்தையும் ஆலமரத்தையும் பார்த்தவாறு பொழுதைக் கழித்தார். எனினும், அவ்வீடு வெறுமையான வீடு அன்று. அண்ணன்மாரும் அண்ணியரும் நிறைந்த பெருங்குடும்பம். இசையும் நாடகமும் அங்கே நிகழ்ந்தன. அவரும் அவற்றில் கலந்து வளர்ந்தார்.

தாகூர் பின்னாளில் சிலாய்தா என்னும் ஊரில் தம் பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே கல்வி அளித்தார். பின்னர், 1901-இல் சாந்திநிகேதனில் ஐந்து மாணவர்களுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவர்களுள் ஒருவர் அவருடைய மகன். அங்கே மரநிழலில் வகுப்புகள் நடந்தன. ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து நாடகம் நடித்தனர்.

இக்காலத்து அடுக்குமாடி வீட்டில் மூவரோ நால்வரோ வாழ்கின்றனர். அத்தகைய வீட்டில் கற்பிக்கும் பெற்றோர், பாடத்திற்குத் திட்டமிடுவதைப் போலவே பழக்கத்திற்கும் திட்டமிடல் வேண்டும். விளையாட்டுத் திடல், நூலகம், இசை வகுப்பு ஆகியவற்றிற்குப் பிள்ளை தவறாது சென்று வருதல் நன்று. கடைக்காரரிடமும் முதியவரிடமும் தன்னினும் இளையவரிடமும் பேசிப் பழகுதல் வீட்டில் கற்போர்க்கு எளிதில் கிடைக்கும் பேறு. ஆனால், திங்களுக்கு ஒருமுறை கூடிக் கலைவது போதாது. பிணங்கவும் மீண்டும் கூடவும் பிள்ளைக்கு ஒரு தோழமை உண்டா என்பதே பெற்றோர் கவனிக்க வேண்டிய குறி. அது இல்லையெனில், வீட்டுப் பாடம் எத்துணைச் சிறப்பாக நடப்பினும் குறை உள்ளது என்று உணர்ந்து வழிகாண வேண்டும்.

பள்ளிக்கும் இதே குறி பொருந்தும். உணவு இடைவேளையில் தனியே அமர்ந்திருக்கும் பிள்ளையின் அருகில் சென்று, உணவைப் பகிர்ந்து, பெயரைக் கேட்க ஒருவர் வேண்டும். அவ்வொருவர் ஆசிரியராக இருக்க வேண்டும் என்பதில்லை.

பயிற்சி

1. கபடி ஆட்டம் கற்பிக்கும் பண்புகள் யாவை?
2. ‘வாய்ப்பு வேறு, நட்பு வேறு’ – இக்கூற்றை விளக்குக.
3. உம் வகுப்பிற்குப் புதிதாக வந்த மாணவர் ஒருவருக்கு நீவிர் செய்யக்கூடிய உதவிகளை ஐந்து தொடர்களில் எழுதுக.