ஆறு திங்களுக்கென அமைந்த கண்

மலிவான பொருள் நெடுநாள் உழைக்காது என்பது கடைத்தெருவில் நாம் கற்ற பாடம். குறைந்த விலையில் டிஜிட்டல் காமிரா வாங்கி, ஒரு மழைக்காலத்திற்குள் அதன் வில்லையில் பூஞ்சை படரக் கண்டு வருந்திய மாணவர் நம்மிடையே உண்டு. ஆயினும், இப்பாடத்தைப் பொய்யாக்கிய காமிரா ஒன்று செவ்வாய்க் கோளைச் சுற்றி வந்தது.

2013 நவம்பர் 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட மங்கள்யான், 2014 செப்டம்பர் 24ஆம் நாள் செவ்வாயை அடைந்தது. அதை ஏந்திச் சென்ற பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டை உருவாக்கியது நம் நகரத்துத் தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். திட்டத்தை நடத்திய சுப்பையா அருணன் நெல்லைச் சீமைத் தமிழர். மொத்தச் செலவு 450 கோடி ரூபாய். அதே வாரத்தில் செவ்வாயை அடைந்த அமெரிக்காவின் மேவன் கலத்திற்கு ஆன செலவில் இது ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கே.

கலத்திலிருந்த காமிராவின் எடை ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மிகுதி. அதன் அமைப்பு நம் கைப்பேசிக் காமிராவின் அமைப்பே. உணர்தட்டில் வரிசைக்கு 2048 புள்ளிகளாக 2048 வரிசைகள். ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒரு நிற வடிகட்டி. ஒரே பதிவில் மூன்று நிறமும் கிடைத்துவிடுவதால், வடிகட்டிகளைச் சுழற்றும் சக்கரம் வேண்டியதில்லை. விண்வெளியில் சுழலும் உறுப்பு சிக்கிக்கொண்டால் எண்ணெய் விட ஆள் ஏது? உறுப்பு குறையக் குறையப் பழுதும் குறையும். ஈரமில்லாத வெளியில் துருவும் பூஞ்சையும் இல்லை. கதிர்வீச்சையும் கடுங்குளிரையும் தாங்கினால் போதும்.

ஆறு திங்கள் உழைத்தால் போதுமென்று அமைத்த கலம் அது. அதன் காமிராவோ, 2020 ஜூலை 1ஆம் நாள், சுமார் 4,200 கிலோமீட்டர் தொலைவிலிருந்து போபோஸ் என்னும் செவ்வாயின் நிலவைப் படமெடுத்தது!

கலத்தின் முடிவு இருளால் வந்தது. செவ்வாயின் நிழலில் ஒரு மணி நாற்பது நிமிடம் வரை தாங்கவே மின்கலம் அமைந்திருந்தது. 2017 ஜனவரியில் பாதையை மாற்றி நீண்ட நிழலொன்றைத் தவிர்த்தனர். எரிபொருள் தீர்ந்த நிலையில், 2022 ஏப்ரலில் வந்த நெடிய நிழலுக்குப் பின் கலம் பேசவில்லை.

சிக்கனம் எல்லாவற்றிலும் வென்றது என்று சொல்வதும் உண்மையாகாது. அதே கலத்திலிருந்த மீத்தேன் உணர்கருவியால் அவ்வாயுவைப் பிரித்தறிய இயலவில்லை. ஒளித் தெறிப்பை அளக்கும் வேறு பணிக்கே அது பயன்பட்டது. எளிய வேலையை எளிய கருவியிடம் ஒப்படைத்த இடத்தில் சிக்கனம் நிலைத்தது. நுண்ணிய வேலையில் தடுமாறியது. நாளை ஆய்வுக்கூடம் புகும் நண்பர்கள், எங்கே செலவைக் குறைப்பது, எங்கே குறைக்கலாகாது என்று இந்தக் கலத்திடம் கேட்டறியலாம்.