சைபர் மார்க் வாங்கிய மனசு



ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தோட்டத்தில் ஓர் அக்காவுக்கு மனநலக் கேள்வித்தாளை வாசித்துக் காட்டினேன். 2001இல் வெளிவந்த பி.எச்.கியூ-9 என்ற தாள் அது. கடந்த இரண்டு வாரத்தில் மனம் சோர்ந்ததா, தூக்கம் கெட்டதா, செத்தால் தேவலை என்று தோன்றியதா என்று 9 கேள்விகள். மொத்தம் 27 மார்க். 10 வந்தாலே டாக்டர் தீர விசாரிக்க வேண்டும்.

அக்கா எல்லாவற்றுக்கும் "இல்லீங்க டிரசரய்யா" என்றார். சைபர்! நானும் சந்தோஷமாக எழுதிக்கொண்டேன்.

மறுவாரம் தலைவலி மாத்திரைக்குத் தனியாக வந்தார். அந்த மாதத்தில் நாலாவது தடவை. எங்கள் ஆயாம்மா பேச்சுக் கொடுத்ததும், "ராத்தூக்கம் போயி மூணு மாசமாச்சு" என்று அழுதுவிட்டார்.

"அன்னைக்கு ஏம்மா சொல்லலே?"

"மாமியார் பக்கத்துல நின்னாங்களே ஐயா."

தப்பு என்னுடையது.

சைபர் வாங்கும் பலர் உண்மையிலேயே நன்றாக இருப்பவர்கள்தான். ஆனால் சிலர் வெட்கத்தால் மறைப்பார்கள். சிலர் கிராணி காதுக்குப் போய்விடுமோ என்று பயப்படுவார்கள். சிலருக்குத் துக்கம் தலைவலியாக, நெஞ்சடைப்பாக வரும். சிலருக்குத் தம் துக்கம் தமக்கே தெரியாது. 1993இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், தாளில் 'சுகம்' என்று எழுதியவர்களில் சிலரை, பேசிப் பார்த்த நிபுணர் 'சுகமில்லை' என்றார். நெருக்கடியான வேலை கொடுத்தபோது அவர்களுடைய இருதயத்துக்குத்தான் பாரம் கூடியது.

ஆகவே 0 வாங்கியவர் 2 வாங்கியவரைவிடச் சுகமானவர் என்று ஆய்வாளரும் எழுதிவிடக்கூடாது. 0 முதல் 4 வரை ஒரே கூடைதான். தெர்மாமீட்டரில் காய்ச்சல் இல்லையென்றால் உடம்பில் நோயே இல்லை என்று ஆகிவிடுமா?

2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் 100க்கு 4.6 பேருக்கு மனச்சோர்வு. ஏறக்குறைய 10 லட்சம் பேர். 2019இல் இது 2.3. நாம் சொல்லும் பதில்களை வைத்துப் போடும் கணக்கு இது. நாம் மறைத்தால் கணக்கிலும் மறைந்துபோவோம். நமக்கு வரவேண்டிய உதவியும் வராது.

கேள்வி கேட்க வந்தால், "தனியா கேளுங்க" என்று சொல்லுங்கள். புரியாததைத் திரும்பக் கேளுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டம் 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டாம். மனம் தாங்காவிட்டால் கிளினிக்குக்கு வாருங்கள், அல்லது 15555க்குப் போன் செய்யுங்கள்.

அந்த அக்கா இப்போது மருந்து சாப்பிடுகிறார், தூங்குகிறார். அடுத்த தடவை தாளை நிரப்பியபோது 6 மார்க். அந்தச் சைபரைவிட இந்த ஆறுதான் எனக்குத் திருப்தி.