எவரேனும் தவறினால்: கரிசல் நில ஆவணங்களில் எண் இயைபு

கோவில்பட்டி வட்டாரத்தில் கரிசற் புன்செய் கைமாறும் கிரயம், அடைமானம், பாகப்பிரிவினை ஆகிய ஆவணங்கள் பெரும்பாலும் தமிழிலேயே எழுதப்படுகின்றன. அவை குறித்த வழக்கு உள்ளூர்ச் சார்பு நீதிமன்றத்தில் தமிழில் நடைபெறவும் இடமுண்டு. மேல்முறையீடு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை எட்டும்போது, அரசமைப்பின் 348ஆம் உறுப்பின்படி, நடவடிக்கை மொழி ஆங்கிலமாகிறது, ஆவணமும் மொழிபெயர்க்கப்படுகிறது. தமிழில் எவர்க்கும் உறுத்தாத ஒரு சொல் அங்கே வழக்கின் முடிவையே மாற்றக்கூடும்.

சட்ட ஆங்கிலத்தில் 'எனிபடி', 'ஈச்' போன்ற பெயர்கள் பொருளாற் பலரைத் தழுவினும் ஒருமை வினையே கொள்ளும். தமிழ்நெறி வேறு. 'ஒருவர்' என்னும் பெயர் ஆண், பெண் இருபாற்கும் உரியது என்றும், அது பன்மை முடிபு ஏற்கும் என்றும் தொல்காப்பியப் பெயரியல் கூறுகின்றது. பால் ஐயமுற்றவிடத்துப் பன்மையாற் கூறுக என்பது கிளவியாக்க விதி. ஆங்கிலத்தில் இன்றும் வாதத்திற்குரியதாக உள்ள 'ஒருமை தே' வழக்கிற்கு நிகரான ஒன்றைத் தமிழிலக்கணம் தொன்றுதொட்டே நெறிப்படுத்தியுள்ளது. பெருமைக்குரியதே, எனினும் ஆவணத்தில் அதுவே இடர் விளைக்கிறது.

உடன்பிறந்தார் மூவர் பொதுநிலத்தை அடைமானம் வைப்பதாகக் கொள்வோம். 'எழுதிக் கொடுப்பவர்களில் எவரேனும் தவணை தவறினால் அவர்கள் பாகத்தை ஏலத்திற்குக் கொண்டுவரலாம்' என்பது வாசகம். 'தவறினால்' என்னும் எச்சம் திணை, பால், எண், இடம் எதனையும் காட்டாது. ஆவண வாசகங்களை முடிக்கும் 'வேண்டும்', 'கூடாது', 'இல்லை' ஆகியவையும் அத்தகையனவே. ஆங்கிலத்தில் வினை காட்டும் எண்ணைத் தமிழில் 'அவர்கள்' என்ற ஒரு சொல்லே காட்ட வேண்டியதாகிறது. அச்சொல்லோ தவறிய ஒருவரை மதித்து வந்ததாகவும் இருக்கலாம். மூவரையும் சுட்டியதாகவும் இருக்கலாம். முன்னையதாயின் ஒரு பாகம் போகும். பின்னையதாயின் நிலம் முழுதும் போகும். 'ஹிஸ்' என்றோ 'தேர்' என்றோ எழுதும் மொழிபெயர்ப்பாளர், தாம் அறியாமலே ஒரு தரப்பின் வாதத்தை எழுதிவிடுகிறார்.

கடன்தொகையைப் பொறுத்தவரை 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆம் பிரிவு உதவும்: மாறான உடன்பாடு இல்லையேல், கூட்டாக வாக்களித்தோருள் எவரிடமும் முழுமையும் கோரலாம். எந்தப் பாகம் ஏலத்திற்குரியது என்பதற்கோ ஆவண வாசகத்தையே நோக்க வேண்டும்.

'எவனொருவன்' என எழுதினால் எண் தெளிவாகும். ஆனால் பெண் விடுபடுவாள். ஆண்பாற்சொல் பெண்ணையும் தழுவும் என்னும் 1897ஆம் ஆண்டுப் பொது வாசகங்கள் சட்டத்தின் 13ஆம் பிரிவு மத்தியச் சட்டங்களுக்கு உரியது. தனியார் ஆவணத்தைத் தானாகக் கட்டுப்படுத்தாது. இங்கிலாந்திலோ 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டம் ஆவணங்களுக்கே அவ்விதியை வகுத்துள்ளது. 1989ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தத்திற்கும் 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தத்திற்கும் பின் மகள்களும் பாகத்திற்கு உரியோராய்க் கையொப்பமிடும் பிரிவினையில் இவ்வாசகம் பொருந்தாது.

'எவரேனும் தவறினால் அவ்வாறு தவறியவரின் பாகத்தை மட்டும்' என்றோ 'மூவரின் பாகங்களையும்' என்றோ எழுதினால் ஐயம் நீங்கும்; ஆங்கிலத்திலும் ஒரே பொருள்தான் வரும்.